வளைந்த அம்பு

போகிக்கு முந்தைய வாரம் பரண் ஒழிப்பது எங்கள் வீட்டில் வருடாந்திரச் சடங்கு. ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து "இது இருக்கட்டும், அது போகட்டும்" என்று தீர்ப்புச் சொல்வது மட்டும்தான் என் பங்கு. இந்த வருடம் இறங்கிய சாமான்களில் ஒரு கட்டம் போட்ட நோட்டு இருந்தது. அட்டையைக் கரையான் தின்றிருந்தது. உள்தாள்கள் பிழைத்திருந்தன.

"பசங்களோட கணக்கு நோட்டுதானே, பழைய பேப்பர்ல போட்டுடவா?" என்றாள் மனைவி.

வாங்கிப் புரட்டினேன். கணக்கு எதுவும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பதினாறுக்குப் பதினாறு கட்டம் கொண்ட சதுரங்கள், அவற்றுக்குள் பென்சிலால் கறுப்பாக்கிய படங்கள். ஒரு பிளாப்பி, ஒரு பிரிண்டர், ஒரு பூதக்கண்ணாடி, ஓரம் மடிந்த ஒரு தாள். ஏழாவது பக்கத்தில், இடப்பக்கம் வளைந்து திரும்பும் ஓர் அம்பு. அதன் மேல் பின்னாளில் நானே சிவப்பு மையால் குறுக்கே அடித்திருக்கிறேன். அந்த அம்பைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்ததுண்டு. தள்ளிப்போட்டதற்குக் காரணம், அது என் தவறு என்பதுதான்.

நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். 1984-ல் ரங்கராஜன் குழு வங்கிகளில் கம்ப்யூட்டர் கொண்டுவரச் சிபாரிசு செய்தது. எண்பதுகளின் கடைசியில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் கிளைகளுக்கு வந்து இறங்கின. மற்றவர்கள் தள்ளி நின்றபோது நான் போய் அதைத் தட்டிப் பார்த்தேன். அந்த ஒரே தகுதியில் என்னைத் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார்கள். பொறியியல் பட்டமெல்லாம் கிடையாது. பி.காம்.தான்.

1997-ல் எங்கள் பிரிவுக்கு வந்த வேலை, கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்த கவுன்ட்டர் புரோகிராமை விண்டோஸுக்கு மாற்றுவது. பழைய புரோகிராமில் படம் எதுவும் கிடையாது. 1 என்றால் பணம் வாங்குவது, 2 என்றால் கொடுப்பது, 9 என்றால் வெளியே வருவது. கேஷியர்கள் திரையைப் பார்க்காமலே அந்த எண்களைத் தட்டுவார்கள், கண் நோட்டுக்கட்டில் இருக்கும். அது எவ்வளவு பெரிய வசதி என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. 1990-ல் எக்ஸெல் மூன்றாம் பதிப்பில் டூல்பார் வந்தது, அடுத்து வேர்டில் வந்தது. கொஞ்ச காலத்தில், மேலே படப் பொத்தான் வரிசை இல்லாத மென்பொருளைக் கண்டால் "டாஸ் காலத்து சாமான்" என்று சிரிக்கிற நிலை. எங்கள் மேலதிகாரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பார்க்க ஆபீஸ் மாதிரி இருக்கணும் சார்."

படம் வரையும் வேலை என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங்கில் பரிசு வாங்கினேன் என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது வாய்விட்டதன் பலன்.

பதினாறுக்குப் பதினாறு என்றால் மொத்தம் 256 புள்ளிகள். நிறம் பதினாறு. சொல்லும்போது ஏராளம் போலத் தெரியும். உட்கார்ந்து வரைந்தால், ஒரு பிரிண்டருக்குத் தாள் வைப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். சாய்வுக் கோடு போட்டால் படிக்கட்டு மாதிரி வரும். வட்டம் போட்டால் வடை மாதிரி வரும். நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் பதினாறு இரட்டைப்படை. ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் எட்டு என்று ஏதாவது ஒன்று கோணும். வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தானின் மேல் ஓரமும் இட ஓரமும் வெள்ளை, மற்ற இரண்டும் சாம்பல். அமுக்கினால் அதைத் திருப்பிப் போடுவது. அந்த ஒரு தந்திரத்தில்தான் தட்டைத் திரையில் பொத்தான் புடைத்துக்கொண்டு நிற்கும். ராத்திரி வீட்டில் பையனின் கணக்கு நோட்டில் பென்சிலால் போடுவேன், காலையில் ஆபீசில் புள்ளி புள்ளியாக ஏற்றுவேன்.

இரண்டு நாளிலேயே ஒன்று புரிந்தது. பொருளை வரைவது சுலபம், காரியத்தை வரைவது கஷ்டம். பிரிண்டரை வரைந்தால் அச்சடிப்பது என்று புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் பிரிண்டர் வேறு எதற்கும் ஆகாது. "திரும்பப் பெறு", "ஒத்திவை", "அனுமதி கொடு" இதெல்லாம் எந்தப் பொருள்? நம் நாட்டுத் தேர்தல் சின்னங்களை நினைத்துக்கொள்வேன். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேர் படத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். காளை மாடு, குடிசை, சைக்கிள், சீப்பு எல்லாம் தினம் கையிலும் கண்ணிலும் படுகிற பொருள்கள். தேர்தல் கமிஷனுக்காக எம்.எஸ். சேத்தி என்ற வரைபடக்காரர் இப்படிப் பல சின்னங்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கு இருந்த ஒரு வசதி எனக்கு இல்லை. சீப்பு எதையும் குறிக்க வேண்டியதில்லை, இன்னார் சின்னம் சீப்பு என்று தெரிந்தால் போதும். என் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு வினைச்சொல்லைச் சுமக்க வேண்டியிருந்தது.

ரிவர்சல் என்று ஒரு வினை. தவறாகப் போட்ட பதிவை எதிர்ப்பதிவு போட்டு நீக்குவது. எக்ஸெலில் "செய்ததை மாற்று" என்பதற்கு வளைந்த அம்பு இருந்தது. அதையே எடுத்துக் கொஞ்சம் தடிமனாக்கி நீல நிறத்தில் வரைந்தேன். எனக்கே பிடித்துப்போன படம் அது. அந்த 256 புள்ளிகளில் வளைவு அவ்வளவு வழுவழுப்பாக வந்த வேறு படம் நோட்டில் இல்லை.

1998-ல் சோதனைக்காக ஐந்து கிளைகளில் புரோகிராமைப் போட்டோம். அதில் ஒன்று டெல்டாப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஹெட் கேஷியர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். முப்பது வருட சர்வீசில் ஒரு ரூபாய் கூடக் குறைந்ததில்லை என்று பெயர் எடுத்தவர். நோட்டை எண்ணும்போது அவர் விரல் போவதைப் பார்ப்பதற்கென்றே நின்ற வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புரோகிராம் போட்ட இரண்டாவது வாரம் அவரிடம் எட்டாயிரம் ரூபாய் குறைந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்குக் கண்டுபிடித்து, மூன்று தரம் எண்ணி, கட்டுகளைப் பிரித்து எண்ணி, மேஜை டிராயரைக் கவிழ்த்துப் பார்த்து, எட்டு மணி ஆகிவிட்டது. அன்றைய ஷார்ட்டேஜை அன்றைக்கே கட்ட வேண்டும் என்பது கேஷியர்களின் எழுதாத தர்மம். சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியும் கேட்காமல், சைக்கிளில் வீட்டுக்குப் போய்ப் பணம் கொண்டுவந்து கட்டினார். அதில் பாதி பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியது என்று பிறகுதான் தெரியும்.

மறுநாள் வவுச்சர் சரிபார்க்கும்போது விஷயம் வெளிவந்தது. எட்டாயிரம் கொடுத்ததற்கு வவுச்சர் இருக்கிறது, வாடிக்கையாளர் கையெழுத்து இருக்கிறது, கணக்கில் பற்று இல்லை. பதிவு போட்டு, அரைமணி நேரத்தில் ரிவர்ஸ் செய்யப்பட்டிருக்கிறது. செய்தது ஹெட் கேஷியரின் பெயரில். சொந்தப் பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி வந்து நின்றது: பணத்தையும் கொடுத்துவிட்டுப் பதிவையும் அழித்தது ஏன்? வாடிக்கையாளரும் இவரும் கூட்டா? வங்கியில் இந்தச் சந்தேகத்தை யாரும் உரக்கக் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மனிதனைக் கொல்லும்.

விசாரிக்க என்னை அனுப்பினார்கள். நான் கிளைக்குப் போய் சர்வரில் லாக் எடுத்தேன். பகல் 12.41-க்கு ரிவர்சல் பொத்தான் அமுக்கப்பட்டிருக்கிறது. "பதிவை ரிவர்ஸ் செய்யவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டதற்கு "ஆம்" என்று பதில் வந்திருக்கிறது. பத்தாயிரத்துக்கு உட்பட்ட அன்றைய பதிவைப் போட்டவரே ரிவர்ஸ் செய்யலாம் என்று விதி வைத்திருந்தோம், ஆகவே அதிகாரியின் அனுமதியும் தேவைப்படவில்லை. (இப்படி ஒரு விதி வைத்ததே முட்டாள்தனம். அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை, நாலு பேர் கமிட்டி.) புரோகிராம் சொன்னதைச் செய்திருக்கிறது. ரிப்போர்ட்டில் எழுதினேன்: மென்பொருளில் குறை ஏதும் இல்லை, பயன்படுத்துபவரின் கவனக்குறைவு. ஒன்றரைப் பக்கம், அடியில் என் கையெழுத்து.

அவரிடம் நேரில் பேசினேனா என்றால், பேசினேன். "நீங்கதான் சார் அமுக்கியிருக்கீங்க" என்றேன். "அமுக்கியிருப்பேன் சார். மெஷின் பொய் சொல்லாதுங்கறீங்களே" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு எனக்கு பஸ். அவருக்கு மெமோ போனது. மோசடி இல்லை, கவனக்குறைவு மட்டும் என்று. மெமோ என்பது சர்வீஸ் புத்தகத்தில் ஏறும் விஷயம்.

அடுத்த வருடம், 2000-ம் வருடத்தில் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்த காலம். சோதனை செய்ய மறுபடி அதே கிளைக்குப் போனேன். மதியம் சாப்பாட்டு நேரம். கேஷ் கேபின் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே அவருடைய மானிட்டர் தெரிந்தது. மானிட்டரின் மேல் விளிம்பு முழுவதும் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

அவர் வந்து திறந்த பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வவுச்சர் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, பசை தடவி, என்னுடைய ஒவ்வொரு படத்துக்கும் நேர் மேலே ஒட்டியிருந்தார். பால்பாயின்ட் பேனாவில் முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொன்றின் கீழும் சின்னதாக ஒரு கீழ்நோக்கிய அம்பு. "புதுசு". "எழுது". "அச்சு". "பார்". வளைந்த அம்புக்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: "தொடாதே".

"இது என்ன சார்?" என்றேன்.

"உங்க படம் எனக்குப் புரியல சார். அதுக்குப் பேர் வச்சுக்கிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செய்த வேலையைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

அப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டியது. அன்றைக்கு என்ன நடந்தது?

பதிவை எழுதி முடித்தால் திரை தானாகக் காலியாகிவிடும், பிரச்சினை இல்லை. அன்று வாடிக்கையாளர் திரும்பி வந்து, "எட்டாயிரம்னுதானே எழுதினீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் பழைய பதிவைத் திறந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிறகு அதிலிருந்து வெளியே வர வேண்டும். வெளியே வர நாங்கள் தனிப் பொத்தான் எதுவும் வைக்கவில்லை. விண்டோஸ் 95-தான் ஒவ்வொரு ஜன்னலின் வலது மூலையிலும் மூடுவதற்கென்று ஒரு பெருக்கல் குறி வைத்திருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டோம்.

"ஏன் சார் அந்த மூலையில இருக்கற எக்ஸை அமுக்கல?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சின்னப் பையனிடம் பேசுவது போல், டிராயரிலிருந்து கெட்டுப்போன ஒரு வவுச்சரை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு கோடு, நடுவில் "கேன்சல்டு" என்று எழுத்து.

"முப்பது வருஷமா சார், இந்தக் குறி போட்டா அந்தத் தாள் செத்துப்போச்சுன்னு அர்த்தம். எட்டாயிரம் ரூபா என்ட்ரி முன்னாடி இருக்கு, அது மேல நான் இந்தக் குறிய அமுக்குவேனா? அதுக்கு பயந்துதான் இதைத் தொட்டேன்." வளைந்த அம்பைக் காட்டினார். "திரும்பிப் போற அம்பு. கேள்வி கேட்டுது, ரிவர்ஸ் பண்ணவான்னு. ரிவர்ஸ்னா பின்னால போறதுதானே? வண்டியில போடறோமே!"

நான் என்ன வரைந்திருந்தேனோ அதற்கு நேர் தலைகீழாக, ஆனால் ஒரு இடத்தில்கூடத் தப்பில்லாமல், அவர் படித்திருந்தார். பெருக்கல் குறி என்றால் ரத்து. பின்னோக்கிய அம்பு என்றால் வந்த வழியே திரும்புவது. அவர் அழிக்காமல் இருக்கப் பார்த்துத்தான் அழித்திருக்கிறார். கவனக்குறைவு என்று நான் எழுதியிருந்தேன்!

"அந்த ரிப்போர்ட் எழுதினது நான்தான் சார்" என்றேன்.

"தெரியும் சார். காப்பி காட்டினாங்க. கையெழுத்து உங்களுதுதானே" என்றார். பிறகு, "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இந்தக் காப்பி குடிக்கிற காப்பி.

அவர் இன்னொன்றும் காட்டினார். அவர் போட்டிருந்தது பைஃபோகல் கண்ணாடி. கிட்டப் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கும். எங்கள் டூல்பார் திரையின் உச்சியில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முகவாயைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். நாற்பது பேர் நிற்கும் கவுன்ட்டரில் ஒரு மனிதர் எத்தனை தடவை அண்ணாந்து பார்ப்பார்? தூரப் பார்வைப் பகுதி வழியாகப் பார்த்தால் என் அழகான படங்கள் நீலத் திட்டு, சாம்பல் திட்டு என்றுதான் தெரியும்.

தேதிச் சோதனையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, மறுநாள் ஒரு காரியம் செய்தேன். படங்களைப் பெரிதாக அச்சடித்து, பெயர் இல்லாமல், கிளையில் உள்ள ஐந்து பேரிடம் தனித்தனியாகக் காட்டினேன். "இது என்ன? இதை அமுக்கினால் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்பது, நான் வாயைத் திறக்காமல் இருப்பது. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். தப்பாகச் சொன்னால் "இல்லை சார், அது வந்து..." என்று ஆரம்பிக்கத் தோன்றும்.

பிரிண்டர் எல்லாருக்கும் தெரிந்தது. பிளாப்பியை, "பேக்கப் எடுக்கறது" என்றார்கள் மூன்று பேர். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? தினம் ராத்திரி பிளாப்பியில் பேக்கப் எடுத்து பீரோவில் வைப்பதுதானே கிளை வழக்கம். ஒட்டுவதற்கு ஆபீஸில் இருந்த அட்டை-கிளிப் படத்தை அப்படியே வைத்திருந்தேன். தஃப்தரி அதைப் பார்த்துவிட்டு, "பரீட்சை அட்டை சார், எம் பொண்ணு வச்சிருக்கா" என்றார். வேண்டிய பதிவுகளை மட்டும் பிரித்தெடுக்கப் புனல் வரைந்திருந்தேன். "மண்ணெண்ணெய் ஊத்தறது" என்றார் ஒரு குமாஸ்தா அம்மா. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. புனல் எதையும் வடிகட்டாது, ஊற்றியதெல்லாம் அப்படியே கீழே போகும். உள்ளே வடிதாள் வைத்தால்தான் வடிகட்டும், அந்த 256 புள்ளியில் வடிதாளை எங்கே காட்டுவது? அனுமதிக்குப் பச்சைப் பொட்டு, மறுப்புக்குச் சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். உதவி மேலாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்கே சார்" என்றார். அவருக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் தெரியாது என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த விஷயமாம். அன்று எனக்கும் தெரிந்தது.

வளைந்த அம்பை ஐந்து பேரில் நான்கு பேர் "பழைய பக்கத்துக்குப் போறது" என்றார்கள். ஐந்தாவது ஆள் என் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர், அதனால் தெரிந்துவைத்திருந்தார்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த வித்தை என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு படித்தபோது கர்வம் அடங்கியது. 1981-ல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டருக்கு (நம்மூரில் நகல் எடுப்பதற்கே பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ்தான்) நான்கு வெவ்வேறு படத் தொகுதிகள் வரையவைத்து, ஆட்களைக் கூப்பிட்டு, பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்றுகூட அளந்து, கடைசியில் நார்ம் காக்ஸ் என்பவரின் தொகுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தாள், உறை, வரும் தபால் தட்டு, போகும் தபால் தட்டு என்று அமெரிக்க ஆபீஸ் மேஜை அப்படியே அதில் இருந்தது. ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்காகச் செய்தது, அவர்களிடமே காட்டிக் கேட்டார்கள். எங்கள் வங்கி மேஜைக்கு நான் அந்த மேஜையைக் கடன் வாங்கியிருந்தேன்.

மெக்கின்டாஷ் படங்களை வரைந்த சூசன் கேரும் என்னைப் போலவே கட்டம் போட்ட நோட்டில்தான் ஆரம்பித்தார். அவருக்கு 32-க்கு 32, என்னைவிட நாலு மடங்கு நிலம். அந்த மெஷினிலும் ஒரு கோளாறு உண்டு. பிளாப்பியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும்! உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று ஜனங்கள் பயந்தார்கள். இதைப் படித்தபோது எங்கள் ஹெட் கேஷியர் அமெரிக்காவில் பிறந்திருந்தாலும் இதே பாடுதான் பட்டிருப்பார் என்று தோன்றியது.

புதுப் படங்களை இந்தத் தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே போட்டேன். ரிவர்சலுக்கு என்ன வரையலாம் என்று கேட்டபோது பதில் ஏற்கெனவே மேஜையில் கிடந்தது: ஒரு வவுச்சர், குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு. வெளியே வருவதற்கு வளைந்த அம்பு வேண்டாம், அது ஏற்கெனவே ஒருவரைக் கவிழ்த்துவிட்டது. அந்த இடத்துக்குக் கேஷ் கேபின் கதவு, பாதி திறந்தபடி. படத்துக்குக் கீழே வார்த்தையும் போட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மவுஸை மேலே நிறுத்தினால் மஞ்சள் சீட்டில் பெயர் வருமே என்றேன். "நிறுத்தி வச்சுப் பார்க்க எனக்கு எங்க சார் நேரம்?" என்றார்.

வார்த்தை போடுவதும் லேசில்லை. எல்லா மாநிலத்துக்கும் போக வேண்டிய புரோகிராம் என்பதால் ஆங்கிலம். "ரிவர்ஸ்" ஆகாது. "கேன்சல்" என்று போடலாமென்றால், கேள்விப் பெட்டியில் ஏற்கெனவே "ஓகே", "கேன்சல்" என்று இரண்டு பொத்தான் இருக்கிறது. "கேன்சல் செய்யவா?" என்று கேட்டு, பதிலுக்கு "கேன்சல்" என்று ஒரு பொத்தான் இருந்தால் எதை அமுக்குவது? கடைசியில் கேள்வியையே மாற்றினோம். இன்னாருக்கு ரூ. 8,000 கொடுத்த பதிவு அழிக்கப்படும் என்று பெயரும் தொகையும் வரும், என்டர் தட்டினால் "வேண்டாம்" என்றே ஆகும். அழிக்க வேண்டுமென்றால் மவுஸைக் கொண்டுபோய்த்தான் அமுக்க வேண்டும். அந்தப் பொத்தானை மற்றவற்றிலிருந்து விலக்கி, வலது கோடியில் தனியாக வைத்தோம். டூல்பாரைத் திரையின் கீழே கொண்டுவந்தோம். "ஆபீஸ் மாதிரி இல்லையே" என்றார் மேலதிகாரி. இல்லைதான்.

தமிழ்நாட்டுக் கிளைகளுக்காவது தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று "ரத்து" என்று புள்ளி புள்ளியாக வரைந்தேன். அந்தக் குட்டி இடத்தில் "த்" தலையிலுள்ள புள்ளி, எழுத்தோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போயிற்று. பொத்தானை இரண்டு மடங்கு அகலமாக்கிய பிறகுதான் வந்தது. நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுவதும் அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் எழுதினேன். முதல் ரிப்போர்ட்டில் கவனக்குறைவு என்று சொன்னது தவறு, படத்தின் பொருள் வங்கி வழக்கத்துக்கு எதிராக இருந்தது, குறை வடிவமைப்பில், வரைந்தது நான் என்று. மெமோவைத் திரும்பப் பெறவும் சிபாரிசு செய்தேன். "கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டு முறை நினைவூட்டினேன். மெமோ திரும்பியதாக எந்தத் தாளும் என் கண்ணில் படவில்லை. ரிவர்சலுக்கு ஒரு பொத்தான் உண்டு, மெமோவுக்குக் கிடையாது. 2001-ல் வி.ஆர்.எஸ். வந்தபோது அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மெமோவால்தானா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கடந்த நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி அவர். எண்பது தாண்டிவிட்டது. மகன் வீட்டில் இருக்கிறாராம், நான் இருக்கும் ஊரிலேயே. "வாங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விரல் இன்னும் அதே வேகத்தில் இருக்கிறதா என்று எனக்குப் பார்க்க ஆசை. ஆனால் எண்ண நோட்டு ஏது, எல்லாம் போனில் இருக்கிறது.

அந்தப் போனை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு வங்கியின் ஆப். "பென்ஷன் பார்த்தேன் சார். இதுலேர்ந்து வெளிய வர்றது எது?"

வாங்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் மூன்று கோடு, இன்னொரு மூலையில் மூன்று புள்ளி. ஒரு மணி. ஒரு மனிதத் தலை. ஒரு வட்டம், அதன் உச்சியில் செருகிய கோடு. வட்டத்தை அமுக்கினால் ஆப் மூடுமா, போனே அணைந்துவிடுமா? தலையை அமுக்கினேன், அவருடைய முகவரி வந்தது. மூன்று கோட்டை அமுக்கினேன், கடன் வேண்டுமா என்று கேட்டது. முப்பது வருடம் இதே வேலை பார்த்தவன், வரிசையில் நின்றபடி கண்ணாடியை ஏற்றி இறக்கித் தேடிக்கொண்டிருந்தேன்.

"விடுங்க சார், எங்கிட்ட இருக்கு" என்று போனை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடித்த சின்னத் தாள், பால்பாயின்ட் பேனா, கொஞ்சம் நடுங்கினாலும் அதே முத்துக் கையெழுத்து. மூணு கோடு, உள்ளே போக. மணி, சும்மா. ஆள், விலாசம். வட்டத்துக்கு நேரே மட்டும் இன்னும் ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தார்.